மணிக்கட்டில் சும்மா கிடந்த நரம்பு

பாசமுள்ள சவரி அண்ணனுக்கு,

அங்கேயாவது உன் கேள்விகளுக்கு யாராவது நின்று பதில் சொல்கிறார்களா? இங்கே பங்குச் சாமி உன்னைக் கண்டாலே பூசைக்கு நேரமாகிவிட்டது என்று நடையை எட்டிப் போடுவார். "ஆண்டவர் எதையும் சும்மா படைக்கலன்னு பிரசங்கத்துல சொன்னீங்களே சாமி, ஆம்பளைக்கு மார்க்காம்பு எதுக்கு?" என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்டவன் நீ. அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சட்டைக்குப் பாக்கெட் எங்க வைக்கணும்னு டெய்லருக்குத் தெரிய வேணாமா?" என்றார். திருக்காட்டுப்பள்ளி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. நீ மட்டும் நேரே என் தையல் கடைக்கு வந்து, "அப்படியா ஸ்டெல்லா?" என்று கேட்டாய்.

அறுவடை மெஷினிலிருந்து சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் வரப்பில் விழுந்தாயே, அப்போதும் அப்படித்தான். வால் எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "வால்தான் எப்பவோ போயிருச்சே, எலும்பை மட்டும் எதுக்கு டாக்டர் விட்டு வச்சிருக்கு?" என்றாய். சம்பா அறுப்பு முடியும்வரை ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து அதன்மேல் உட்கார்ந்து மெஷின் ஓட்டினாய். இல்லாத வாலுக்காக ஒரு மனிதன் அத்தனை பாடுபட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீ கண்ணை மூடியபின் எனக்கு ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி பாட்டிலைக் கழுவும்போது அது கையிலேயே உடைந்து, வலது கட்டை விரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள், தோல் கூடிவிட்டது. ஆனால் விரலின் நுனி மடங்கவில்லை. மடங்கு மடங்கு என்று மனசுக்குள் எத்தனை சொன்னாலும் யாருடைய விரலோ போல விறைத்து நின்றது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. துணிகளையெல்லாம் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கடையைப் பூட்டிவிட்டேன். இனிமேல் அவ்வளவுதான் என்றுகூட நினைத்தேன் அண்ணா.

தஞ்சாவூரில் கைக்கென்று இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அருள்ராஜ் கூட்டிப்போனார். உன் மச்சானைத் தெரியுமே, ஆஸ்பத்திரி வாசலிலேயே வியர்த்துவிடும். டாக்டரம்மா என் இடது கையை நீட்டச் சொன்னார். "கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒண்ணா சேருங்க. இப்ப மணிக்கட்டை லேசா மடக்குங்க." மணிக்கட்டின் நடுவே கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது.

"நரம்புன்னு சொல்வீங்களே, இந்தத் தசைநாணை எடுத்து, விரலை மடக்குற நாண் அறுந்து போனதுக்குப் பதிலா அங்க வச்சுத் தைக்கப் போறேன்" என்றார்.

"எடுத்துட்டா இந்தக் கை என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. நிறைய பேருக்கு இது பிறவியிலேயே கிடையாது. அவங்களுக்கே அது தெரியாது."

"அப்ப இது எதுக்குங்க டாக்டர் இருக்கு?"

கேட்டபிறகுதான் அது உன் கேள்வி என்று உறைத்தது. அவர் சிரித்தார். "மரம் ஏறித் திரிஞ்ச காலத்து மிச்சம்னு சொல்லுவாங்க. இடைஞ்சல் பண்ணல, அதனால போகவும் இல்ல. எங்களுக்கு நல்ல உதிரி பாகம்."

எனக்காகத்தான் அது இத்தனை காலம் அங்கே காத்திருந்ததா என்று கேட்டேன். "உங்க பாட்டில் உடையும்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். நியாயம்தான். ஆனாலும் எதற்கென்றே தெரியாமல் ஒன்று கூடவே இருந்திருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது?

என்னை வார்டில் சேர்த்ததும் அருள்ராஜ் தன் கையை மடக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறு கையிலும் இல்லை. "நமக்குன்னு உபரியா ஒண்ணுகூட வைக்கலியே ஆண்டவரு" என்று முகம் வாடிவிட்டார். பக்கத்துக் கட்டில் வலங்கைமான் அம்மா, "எனக்கு ரெண்டு கையிலயும் இருக்கு" என்று தூக்கிக் காட்டினார். சாப்பாடு கொண்டுவந்தவர், நர்ஸ், யாரையோ பார்க்க வந்த பாய் எல்லாரும் விரலைக் குவித்து மணிக்கட்டையே உற்றுப் பார்த்தபடி நின்றார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா வார்டு முழுக்க ஏதோ ஜெபம் நடக்கிறது என்று நினைத்து வெளியிலேயே நின்றுவிட்டார்.

ஆபரேஷன் ஆனது. கட்டு, பயிற்சி, வலி என்று மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டை எடுக்கும்போது விரல் நுனி தானாக உள்ளே வளைந்தது. "என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அருள்ராஜ் கரண்டியோடு ஓடிவந்தார். மடக்கி மடக்கிக் காட்டினேன். மனுஷன் அழுதுவிட்டார்.

கடையைத் திறந்த அன்று முதலில் வந்தது யார் தெரியுமா? அண்ணி. நீ போனபின் தனக்கென்று ஒரு துணிகூட எடுக்காதவர், இளம்பச்சையில் ஒரு ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார். "கை தாங்குமா ஸ்டெல்லா? அவசரமில்ல" என்றார். முதுகில் அளவு எடுக்கும்போது என் விரல் கழுத்தில் பட்டிருக்க வேண்டும். அண்ணியின் கை முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஏன் ஸ்டெல்லா, இந்த மாதிரி புல்லரிக்குதே, இது எதுக்கு? இதனால உடம்புக்கு என்ன பிரயோஜனம்?"

நம் பேச்சில் ஒருநாளும் கலந்துகொள்ளாமல், அடுப்படியிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டவர் அல்லவா அண்ணி! டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சிலிர்ப்பு அடங்கும்வரை இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்கிறேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவரே கேட்கட்டும்.

உன் தங்கை,
ஸ்டெல்லா