உன் மெஷினில் ஓடும் தூள்

கொருக்குப்பேட்டை,
17.2.2008

அன்பு மகன் பாரிக்கு அம்மா எழுதுவது. அந்த ஜெர்மனிக் குளிர் உன் உடம்புக்கு ஒத்துப்போய், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை செங்கொடியும் நலம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம், போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் வாய் திறக்க முடியவில்லை.

போன வாரம் உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, மாவைவிட நைசான துகளில் புரதத்துக்கான சரக்கை ஏற்றி, ஜெராக்ஸ் மெஷின் மாதிரி ஒன்றில் கண்ணாடித் தகட்டின் மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக அச்சடிக்கிறோம், சூடு காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒரு சொட்டு ரத்தம் விட்டால் எந்தப் புள்ளியில் பிடிக்கிறதோ அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று. கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் நடுவில் மூன்று முறை இருமினாய், கேட்டதற்கு ஒண்ணும் இல்லம்மா, குளிரு என்றாய். மறுநாளே கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹுமாயூன் பாயிடம் போய், என் மகன் இந்த மாதிரித் தூளில்தான் வேலை செய்கிறான், கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். "இன்னாத்துக்கு யக்கா, கையெல்லாம் கலீஜா பூடும்" என்று சொல்லிக்கொண்டே மெஷினுக்குப் போடும் கறுப்புத் தூள் டப்பாவைத் திறந்தார். தட்டக்கூட இல்லை, புகை மாதிரி எழும்பியது. "மூஞ்ச அப்பால வெச்சிக்கோ, உள்ள பூந்துச்சின்னா வராது" என்றார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினேன், கறுப்பாக வந்தது. அப்போதே உனக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன் பாரி.

ஏனென்றால் நீ போன் பண்ணுவதற்கு நாலு நாள் முன்னால்தான் அப்பா படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, இருபத்தாறு வருஷம் கூட்ஸ் ரயில் யார்டில் அள்ளிய நிலக்கரியின் தூள் நுரையீரலில் தங்கிவிட்டது, எடுக்க வழியில்லை, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார்.  வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா, "புள்ளைக்கு சொல்லாத கெங்கா, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான்" என்றார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

உன் தூள் வேறு, இந்தக் கரி வேறு, பெட்டிக்குள் அடைத்துத்தான் வேலை என்பாய். படித்தவன், உனக்குத் தெரியும். வேலையை விடச் சொல்லவில்லை, மூக்கைக் கட்டாமல் அந்த அறைக்குள் நுழையாதே. பதினோரு வருஷமாகத் தினம் காலையில் இருமிவிட்டு உன் அப்பாவும் ஒண்ணும் இல்லை என்றுதான் சொன்னார், நானும் நம்பி டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். உன்னை அப்படி நம்ப மாட்டேன். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து அந்தப் படத்தையே தபாலில் அனுப்பு, வாய் வார்த்தை வேண்டாம். இதே டாக்டரிடம் நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

தடையில்லாத மூச்சோடு நீ நூறு வயது வாழ வேண்டும்.

உன் அம்மா,
டி. கெங்கம்மா