மீ தெசோரோ என்றால் பொக்கிஷம்

பார்சிலோனா
4 பிப்ரவரி 2024

அன்புள்ள வஜீஹா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? என் போன் கெட்டுவிட்டது. காஷிஃப் தன் போன் கடையில் சரிசெய்து தருவார். அதுவரை கடிதம்தான்.

அக்கா, இவர் என்னை இந்த ஊர்ப் பாஷையில்தான் கொஞ்சுகிறார். காலையில் ‘மீ சியேலோ’. என் வானமே என்று அர்த்தமாம். சாப்பிடும்போது ‘கொர்தீத்தா’. குண்டம்மா! இங்கே அதுவும் செல்லப் பெயராம். பக்கத்து வீட்டு பிலார்தான் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினாள். பதிலை அவள் முகவரிக்கே போடு. எங்கள் தபால்பெட்டிச் சாவி இவரிடம் இருக்கிறது.

உன் ஜுவேரியா

மந்தைவெளி
1 மார்ச்

ஜுவி கண்ணு,

குண்டம்மாவைக் கேட்டு அத்தா டீயைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம், “இன்னாம்மா, போன் கடை வச்சிகினு பொண்டாட்டிக்கு ஒரு போன் இல்லியா?” என்றார். எனக்கும் அதே கேள்விதான். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் எப்போதும், “தூங்குறா அக்கா” என்கிறார். பகலெல்லாம் தூங்குகிறாயா? உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுது.

வஜீஹா

பார்சிலோனா
22 மார்ச்

அக்கா,

நான் தூங்கவில்லை. வேலைக்கு நேர்காணல் வந்தது. கிளம்பி நின்றேன். ‘மீ ரெய்னா’ என்றார். என் ராணி. ராணி எதற்கு வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டேன். இன்னொரு நாள் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். ‘மீ தெசோரோ’ என்று கன்னத்தைத் தட்டினார். என் பொக்கிஷமே. மறுநாளிலிருந்து என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்.

அடிக்கவில்லை அக்கா. குரல்கூட உயர்வதில்லை. இதை யாரிடம் என்னவென்று சொல்வது? பால்கனி வழியாக பிலாரிடம் இதை நீட்டுகிறேன். அத்தாவிடம் சொல்லாதே.

ஜுவேரியா

மந்தைவெளி
10 ஏப்ரல்

ஜுவி,

சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள். அத்தா உன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “கதவ வெளிய பூட்டிகினு போறவன் இன்னா புருசன்? கொயந்தய வரச் சொல்லு” என்றார்.

அடித்தால்தான் கொடுமையா? கோபாலபுரம் பள்ளியில் என்னோடு பாடம் நடத்தும் அனுப்ரியா, அங்கே பெண்களுக்கு உதவுகிறவர்களின் எண்ணைத் தேடித் தந்தாள். கீழே எழுதியிருக்கிறேன், பிலாரிடம் கொடு. கதவு திறந்திருக்கும்போது போய்விடு. எதையும் எடுக்காதே.

அக்கா

பார்சிலோனா
3 மே

அக்கா,

நேற்று அவர் கதவைப் பூட்டாமல் குப்பை போட இறங்கினார். வெறுங்காலோடு ஓடிவிட்டேன். பிலார் என்னைத் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். இன்று மதியம் கண்டுபிடித்துவிட்டார். பிலாரின் போனில் உன்னோடு பேசினால் என் குரல் அவருக்குக் கேட்டுவிடும், அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பூங்கொத்தோடு கீழே நின்று ‘மீ விதா, மீ விதா’ என்று கூப்பிடுகிறார். என் உயிரே. தெருவில் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள். எதிர்க் கடைக்காரி கைகூடத் தட்டினாள். பிலார் அந்த எண்ணுக்குப் பேசிவிட்டாள். உதவிக்கு ஆட்கள் கிளம்பிவிட்டார்களாம்.

கூப்பிடுவது நின்றுவிட்டது. யாரோ நல்ல மனசோடு அவருக்குக் கீழ்க் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். படியேறி வந்து வாசலில் நிற்கிறார். தட்டவில்லை. மெதுவாகக் கொஞ்சுகிறார்.

‘என்னை விடு’ என்பதற்கு இங்கே என்ன சொல்வார்கள் என்று பிலாரிடம் கேட்டேன். ‘தேஹாமே’ என்றாள். கதவருகே போய் உரக்கச் சொன்னேன்.

கொஞ்சல் நின்றது. இறங்கிப் போகும் சத்தம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

ஜுவேரியா