மேலே வைத்த வால்வு

ஜன. 6, செவ்வாய்

காலையில் நல்ல குளிர். மைசூர் விஜயநகர் முழுக்கப் பனி, எதிர்வீட்டுக் கேட் தெரியவில்லை. இவருக்கு இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா. பி.பி. பரவாயில்லை.

ஊட்டிக்கு டாக்டர் சரி என்றுவிட்டார். ஒரே நிபந்தனை, குளிர் படக் கூடாது. பக்கவாதம் வந்த பிறகு இவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அம்பாசடர் சாவியை எடுத்து என் மடியில் போட்டு "ஊட்டி" என்றார். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்து சொல்தான் வருகிறது. அதில் ஒன்றை இதற்குச் செலவழித்திருக்கிறார். அடுத்த ஜனவரி பற்றி டாக்டரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் ஜெனி போன். "நான் கேப் புக் பண்றேன்மா. ஹீட்டர் எல்லாம் இருக்கும். அந்த டப்பா வண்டி யாக்கம்மா?" ஏனாம். நியாயம்தான். ஆனால் கேப் வேண்டுமென்றால் இவர் கேப் என்று சொல்லியிருப்பார்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஹீட்டருக்குப் போகிற ஹோஸ் இரண்டும் வெடிப்பு. அமுக்கினால் விரல் தடம் அப்படியே நிற்கிறது, நீர் கோத்த கால் மாதிரி. ரிட்டயர் ஆனாலும் நர்ஸ் புத்தி.

வாங்க: டயப்பர், கூலண்ட், வெல்லம்.

ஜன. 7, புதன்

மெக்கானிக் பசவராஜு வீட்டுக்கே வந்தார். "ஹோஸ் எல்லாம் ஹோய்த்தும்மா, புதுசு ஹாக்கணும்." ஹீட்டருக்கு என்ஜின் வெந்நீரைத் திறந்துவிடுகிற வால்வைப் பார்த்ததும் சிரிப்பு. "இத யாரும்மா இங்க வெச்சது?"

வேறு யார். கல்யாணமான புதிது. இவர் தூத்துக்குடியிலிருந்து மைசூருக்கு வந்து கொஞ்ச நாள்தான், கன்னடம் சுத்தமாகத் தெரியாது. எனக்குக் குளிருகிறதென்று எங்கிருந்தோ ஒரு பழைய ஹீட்டர் கொண்டுவந்தார். அன்றைய மெக்கானிக் சொன்னது, "ஹோஸ் ஹாக்கி, வால்வ் ஆமேலே." அதாவது முதலில் ஹோஸை மாட்டுங்கள், வால்வு அப்புறம். இவர் காதில் விழுந்தது, "வால்வு, ஆ, மேலே!" டேஷ்போர்டுக்கு அடியில் கைக்கு எட்டுகிற மாதிரி வர வேண்டிய வால்வை என்ஜினுக்கு மேலே பொருத்திவிட்டார். மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் மாற்றவில்லை. வீம்பு.

அதனால் ஒவ்வொரு ஜனவரியும் கூடலூரில் நிறுத்தம். மலை ஏறுமுன் இறங்கி, பானெட்டைத் தூக்கி வால்வைத் திறப்பார். ஹோஸைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து என் இரண்டு காதிலும் வைப்பார். டீக்கடையில் எல்லோரும் பார்ப்பார்கள். "விடுங்க, மானம் போகுது" என்பேன். காதை மட்டும் நகர்த்த மாட்டேன். திரும்பும்போது அதே இடத்தில் வால்வை மூடுவார். அதோடு ஊட்டி முடிந்தது.

"கேபிள் போட்டு வால்வ உள்ள கொண்டாந்துடறேன். நீங்க எறங்கவே பேடா" என்றார் பசவராஜு. இறங்க வேண்டாமென்றால் என் முட்டிக்குச் சுகம். சரி என்றேன்.

ஜன. 9, வெள்ளி

வெயில், அப்பாடா. இவர் வாக்கரோடு வாசலுக்கு வந்து வண்டியில் சாய்ந்து நின்றார். பசவராஜு வால்வைக் கழற்ற ஸ்பானர் வைத்ததும் இடது கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். பசவராஜு பதறி "பிடி சார், பிடி" என்றார். கன்னடத்தில் விடுங்கள் என்று அர்த்தம். இவர் அதைத் தமிழில் எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். இத்தனை வருஷம் மைசூரில் குப்பை கொட்டியவருக்கு இது தெரியாதா. நடிப்பு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க யாரு எறங்கித் தெறப்பா? நீங்களா?" சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் வால்விலிருந்து கையை எடுத்து என்னைக் காட்டினார். நான்தானாம்.

வால்வு மேலேயே இருக்கட்டும். ஹோஸ் மட்டும் புதிது, பளிச்சென்று நீலம். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று. ஹோஸுக்குள் காற்று அடைத்திருக்கிறது, டிரிப் ஏற்றும்போது டியூபில் வருமே, அதுதான். பசவராஜு வண்டி மூக்கைத் தெருச் சரிவில் ஏற்றி வைத்து வெளியேற்றினார். பிறகு சூடு.

ஜெனிக்குச் சொன்னேன். ஐந்து நிமிஷம் திட்டு.

ஜன. 12, திங்கள். ஊட்டி

வண்டி ஓட்டிக் கை வலி. நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர். யானை இல்லை, மான் உண்டு. இவர் வழியில் தூங்கவே இல்லை.

கூடலூரில் அதே இடம். டீக்கடை இப்போது பேக்கரி. இறங்கினேன். பானெட் என்ன கனம்! இவர் ஒரு கையால் தூக்குவதைப் பார்த்துப் பார்த்து லேசு என்றே நினைத்திருந்தேன். துணி சுற்றி வால்வைத் திறந்தேன். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெல்ல மெல்லச் சூடேறியது.

போய் இவர் குல்லாவைக் கழற்றி இரண்டு காதிலும் கை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேக்கரிக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜன. 14, புதன்

வீடு வந்தாயிற்று. இவருக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. துவைக்க ஒரு மலை.

இறங்கும்போது கூடலூரில் ஓரம் கட்டினேன். கதவைத் திறக்க மனசே இல்லை. "வால்வ மூடிடவாங்க?"

வேண்டாமென்று தலையை ஆட்டினார். "ஆமேலே."

தெளிவாக, கன்னடத்தில். அப்புறமாம்.

பந்திப்பூர்க் காட்டுக்குள் நிறுத்த விடமாட்டார்கள், வழி முழுக்க ஹீட்டர். குண்டலுப்பேட்டையில் ரோடோரம் சங்கராந்திக் கரும்பு, சுள்ளென்று வெயில். புடவை முதுகோடு ஒட்டிவிட்டது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு மறுபடி கேட்டேன்.

"ஆமேலே."

நஞ்சன்கூட்டில் நான் கேட்கவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, வால்வு இன்னும் மூடவில்லை.