சந்தனம் பட்ட தகடுகள்

மயிலாப்பூர்,
14-10-1948

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். டார்ஜிலிங் குளிருக்கு நீ கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாயா, பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறாயா என்றுதான் தெரியவில்லை.

நல்ல சேதியாக ஏதாவது முதலில் எழுதலாம் என்று தேடினேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வானரப் படையிடமிருந்து, அதாவது ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதிலிருந்து, விடுதலை கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். மற்றதை உட்கார்ந்துகொண்டு படி.

உன்னோடு வேலை செய்யும் சங்கரன், நீ வந்து மருந்தில் கழுவும்வரை பத்திரமாக வைக்கச் சொல்லிப் போன மாதம் உன்னிடமிருந்து கொண்டுவந்து கொடுத்த கறுப்புக் காகிதப் பொட்டலம் பாழாகிவிட்டது. பன்னிரண்டு போட்டோக் கண்ணாடித் தகடுகளும்தான். ஐந்து மாதம் மலை உச்சிக் குடிசையில் நீ காத்து வைத்தவை. வெளிச்சம் பட்டுவிட்டது, ஜலஜா.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது அம்மா, "ஜலஜாவோட புஸ்தகமெல்லாம் அவளோட போயிடுத்தே, அவளுக்குன்னு என்னத்தை வைக்கறது?" என்று கேட்டாள். மருமகள் வேலைக்குப் போவதே பிடிக்காத அம்மாவா இப்படிக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரே குஷி. பீரோவிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். வானத்திலிருந்து விழும் துகள்கள் இதில் தங்கள் தடத்தை எழுதிவிட்டுப் போகின்றன, இப்போது அவளுக்குப் புத்தகம் இதுதான் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். பிரிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அசட்டுத்தனம் முழுக்க என்னுடையது. கதம்பம் வாங்கக் குளத்தங்கரைக்குப் போய்த் திரும்பினால், சரஸ்வதி படத்துக்கு முன்னால் பன்னிரண்டு தகடுகளையும் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், குங்குமம். காகிதத்துக்குப் பொட்டு வைத்தால் புத்தகத்துக்கு வைத்ததாகுமா என்று பிரித்தாளாம்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு சுண்டலைத் தின்றேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து இரண்டு வரியாவது வாசிக்க வேண்டுமே. நான் என் கணக்குப் புத்தகத்தை வாசித்து முடித்ததும், அம்மா ஒரு தகட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள். "அவளுக்குப் பதிலா நீ வாசிடா, நான் கேட்டுண்டு இருக்கேன்" என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. இதில் இனி வாசிக்க ஒன்றுமில்லை, மருந்தில் கழுவினால் முழுக்கக் கறுத்துப்போகும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. முந்தாநாளிலிருந்து மோரைத் தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. கோபித்துக்கொள்வதானால் என்னைக் கோபித்துக்கொள், எனக்கு அது பழக்கம்தான்.

இன்று காலை, மறுபடி செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டாள். ஐந்து என்றேன். தீபாவளிக்குள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேருவேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கினவள் அவள்தானே! பிறகு, "தீபாவளிக்கு வர வேண்டாம்னு எழுது. சத்தியத்தை நானே திருப்பிக் கொடுத்துட்டேன்னு எழுது" என்றாள்.

தீபாவளிக்குப் பதினேழு நாள் இருக்கிறது. தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று கிழிக்கவே இல்லை. நீ இல்லாத வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் அம்மா சொல்வதையே நானும் சொல்கிறேன். சங்கரன் அடுத்த வாரம் புதுத் தகடுகளோடு அங்கே கிளம்புகிறார். வாங்கி வை.

அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. கோபமில்லை என்று எழுதினால் நம்பமாட்டாள். அடுத்த பூஜைக்கு நீயே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதாக எழுது, சாப்பிடுவாள்.

துகள்கள் உன் தகடுகள்மேல் வேண்டிய மட்டும் விழட்டும். உன்மேல் மட்டும் ஒரு தூசியும் விழாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
சுவாமிநாதன்