கொட்டாமல் ஏற்றிய எட்டு மூட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். உடம்பளவில் என்று எழுதியதைப் பார்த்ததும் போனை எடுத்துவிடாதே, முழுதும் படி. போனில் சொல்லத்தான் மூன்று முறை நினைத்தேன், சாப்பிட்டியாம்மா என்று நீ கேட்டதும் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சாப்பிடவும் இல்லை.

தீவில் எலி ஏறிவிட்டது. பத்தொன்பது வருஷமாக நான் காவல் காக்கும் இடம், ஒரு மரம் கிடையாது, வெறும் மணலும் சிப்பி ஓடும், ஆலாப் பறவைகள் வெறும் தரையில் குழி பறித்து முட்டை வைப்பதே அங்கே எலியும் பூனையும் இல்லை என்ற நம்பிக்கையில்தான். அந்த எலி தானாக வரவில்லை, நான்தான் படகில் ஏற்றிக் கொண்டுபோனேன். போன வருஷம் கடல் பொங்கி மேற்குப் பக்கத்தில் அறுபது கூடு அடித்துக்கொண்டு போனதே, அதனால் இந்த முறை பறவை வருவதற்கு முன்பே தாழ்வான இடத்தை சிப்பி ஓடு கொட்டி உயர்த்தச் சொன்னார்கள் வனத்துறை ஆபீஸில். தொண்ணூறு மூட்டை. தீவுக்குப் போகும் எதுவானாலும், மூட்டையோ சாப்பாட்டுப் பையோ, படகுத்துறையில் பாய் விரித்துக் கொட்டி, உதறிப் பார்த்து, திரும்ப நிரப்பித்தான் ஏற்ற வேண்டும், அந்தச் சட்டம் உனக்கும் தெரியும். எண்பத்திரண்டு மூட்டையை அப்படித்தான் முதுகொடிய ஏற்றினோம். கடைசி எட்டு மூட்டை கிடங்கு மூலையில் ஒரு வாரமாகக் கிடந்தது, துறையில் கடல் தண்ணீர் வேறு வற்றிக்கொண்டிருந்தது, இன்னும் கால் மணி போனால் படகு தரை தட்டும் என்று அப்பா படகிலிருந்து கத்தினார், போகட்டும் ஏத்துங்க என்று சொன்னது நான். என் வாயால்தான் சொன்னேன்.

பறவைகள் வந்தன, உயர்த்திய மேட்டில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்தன, எனக்குப் பெருமை தாங்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் கூடு எண்ணப் போனபோது நான்கு கூட்டில் முட்டை ஓடு மட்டும் கிடந்தது, ஓரத்தில் பல் பட்ட அடையாளம், பக்கத்தில் எலிப் புழுக்கை. ஆலாக்கள் தலையில் கொத்த வருமே என்று உன் அப்பா வழக்கம்போல பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார், மற்ற நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஒரே பேச்சு, மிதந்து வந்த கட்டையில வந்திருக்கும்னு சொல்லிடு, யாரு பாத்தா, இத்தனை வருஷ வேலை, ஒரு எலிக்காகவா போகணும் என்று. அவர் என்மேல் உள்ள பாசத்தில் சொன்னார், அவரைத் திட்டாதே. நானும் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில் இன்னும் பதினொரு கூடு போய்விட்டது. மூட்டையை ஏற்றியது அவசரத்தில் செய்த தப்பு, வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது.

மூன்றாம் நாள் அதிகாரியின் ஆபீஸுக்குப் போய் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதிதாக வந்திருக்கும் பெண், உன்னைவிடச் சின்னவள். இப்பவாவது சொன்னீங்களே, அந்த எட்டு மூட்டையை எங்க கொட்டினீங்கன்னு காட்டுங்க, அங்கேயிருந்து தேடலாம் என்றாள். அந்த இடத்தைச் சுற்றிக் கூண்டு வைத்தோம், மறுநாளே ஒன்று விழுந்தது. பெண் எலி, பால் கொடுத்துக்கொண்டிருந்த எலி. அப்படியென்றால் குட்டிகள் மேட்டுக்கு அடியில் எங்கேயோ இருக்கின்றன. தோண்டிப் பார்க்கவும் முடியாது, மேலே முட்டை இருக்கிறதே. நாங்கள் போனால் பறவைகள் எழுந்துவிடும், வெயில் ஏறிய பிறகு அப்படிக் கிடந்தால் முட்டை வெந்துவிடும் என்பதால் விடிந்ததும் பத்தே நிமிஷம் உள்ளே போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறோம். சின்னச் சின்னக் குழாய்க்குள் மை தடவிக் காகிதம் வைத்திருக்கிறார்கள், எலி புகுந்தால் கால் பதியும். மூன்று நாள் காகிதம் வெள்ளையாக இருந்தது. நேற்று ஒன்றில் குட்டிக் கால் நான்கு பதிந்திருந்தது. எலி நடமாட்டம் கூடினால் பறவைகள் மொத்தமாக எழுந்து போய்விடும், போனால் இந்த வருஷம் திரும்பாது. முட்டை பொரிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் காலண்டரைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். அடுத்த வாரம் என்னை விசாரிக்க மேலிடத்திலிருந்து வருகிறார்கள், என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும், குஞ்சு பறக்கும்வரை மட்டும் தீவுக்குள் விடுங்கள் என்று கேட்பேன்.

உன்னிடம் சொல்ல இன்னொன்று பாக்கியிருக்கிறது. நீ நான்காவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் பள்ளிக்கூடப் பையோடு படகில் ஏறிவிட்டாய். நான் இழுத்து இறக்கி, படகுத்துறையில் எல்லோரும் பார்க்க அந்தப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன், பென்சில் சீவலும் பாதி தின்ற பிஸ்கட்டும் விழுந்தன. நீ அழுதுகொண்டே உன் பையை நீ கொட்டினியா என்று கேட்டாய். எதிர்த்துப் பேசுகிறாயா என்று ஒரு அடி வைத்தேன். பதினெட்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன் கண்ணு, அன்று நான் கொட்டவில்லை. நான்தானே காவல்காரி, என் பையில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்தத் திமிர்தான் இப்போது எட்டு மூட்டையில் வந்து நிற்கிறது. அன்றைக்கு அடித்ததற்கு என்னை மன்னித்துவிடு.

குழந்தைக்கு இருமல் விட்டதா? வெந்நீர் கொடு, ஈரத் தலையோடு வெளியே விடாதே. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லு, மறைக்க வேண்டாம், மறைத்தது போதும். மூவரும் நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் காலையில் போன் செய்யும்போது சாப்பிட்டியாம்மா என்று பிறகு கேட்டுக்கொள், முதலில் கொட்டினியாம்மா என்று கேள். அன்று கேட்ட மாதிரியே கேள்.

இந்த முறை அடிக்காமல் பதில் சொல்லக் காத்திருக்கும்,
உன் அம்மா.