கசகசாவும் அறுக்காத மூன்று சேலைகளும்

அண்ணி,

இன்று காலை உங்கள் மகளின் பெட்டியிலிருந்து கசகசாப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன். துபாயில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போகிறாள். குருமாவுக்கு என்று வறுத்து, ஆறவைத்து, இரண்டு கவர் போட்டுக் கட்டியிருந்தாள். கூடம் முழுக்க அந்த வாசனை. கசகசா அபினிச் செடியின் விதை, அந்த ஊருக்கு இதைக் கொண்டுபோனால் ஜெயில் என்றேன். "இன்னா அத்தை, குருமாவுல போடறதுக்குப் போயி ஜெயிலா? செவிலிமேட்டு மளிகைக் கடையில சரம் சரமா தொங்குது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உங்கள் வயிற்றில் இருந்தபோது நாம் இரண்டு பேரும் பட்ட பாடு அவளுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கையில் ஒரு கல்யாண வீட்டுக்கு அண்ணன் பட்டுச் சேலை கொண்டுபோகவேண்டியிருந்தது. தறியில் ஏற்றும் ஒரு பாவில் மூன்று சேலை நெய்வோம். முடிந்தபின் தனித்தனியாக அறுப்போம். அந்தப் பாவு வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகுதான் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் அவருக்கு ரயில். விளக்கு வைத்த பிறகும் வெள்ளிக்கிழமையிலும் பட்டில் கத்தி வைக்கக்கூடாது என்று நீங்கள் ஒரே பிடியாய் நின்றீர்கள். "அங்க போயி அறுத்துக்கோங்க, இங்க வாணாம்" என்றீர்கள். மூன்றும் ஒரே நீளமாய் மடிந்து பெட்டிக்குள் போயின.

இராமேசுவரத்தில் கப்பலேறி அக்கரையில் இறங்கியதும், எத்தனை சேலை என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்று என்று சொல்லிவிட்டார் அண்ணன். அறுக்காதவரை அது ஒன்றுதானே. நம் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களோ பிரித்துப் பார்த்து மூன்று முந்தானை இருக்கிறது என்றார்கள். ஒளித்துக் கடத்தி வந்தார் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அப்போது நான் வக்கீல் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்டேன். "இங்கன்னா அபராதத்தோட போயிடும்மா. அங்க சட்டம் வேற. நாலு மாசமும் போடலாம், நாலு வருஷமும் போடலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மிஷினை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாலு மாசத்துக்கும் நாலு வருஷத்துக்கும் நடுவில் ஒரு குடும்பமே முழுகிப்போகுமே, அதை இப்படியா மூக்குப்பொடி போட்டுக்கொண்டே சொல்வது?

நீங்கள் தறியைவிட்டு எழாமலே கேட்டீர்கள்: "பட்டு அதே பட்டு. மனுசன் அதே மனுசன். கப்பல்ல ஏறி எறங்கினா தப்பு மட்டும் எப்பிடிமா பெருசாவுது?" பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இது தவழறப்போ வருவாரா, நடக்கறப்போ வருவாரா, பள்ளிக்கூடம் போறப்போ வருவாரா?" என்றீர்கள்.

முதல் கேள்விக்குப் பதிலை நீங்களே பிடித்தீர்கள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னீர்கள். அரிசித் தட்டுப்பாட்டில் ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை இருந்த வருஷம், வாலாஜாபாத்தில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து இடுப்பில் அரிசி கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்களாம். பக்கத்து சீட்டுக்காரியை போலீஸ்காரர் இறக்கிக் கூட்டிப்போனாராம். "அடுத்த வருசம் நல்ல மழை. அதே போலீஸ்காரரு என் மூட்டைய பஸ்ஸுல தூக்கிப் போட்டாருமா. அரிசி அதே அரிசிதான். இல்லாத ஊர்ல அதுக்குக் காவல் ஜாஸ்தி."

எத்தனையோ சட்டப் புத்தகங்களுக்கு நடுவே வேலை பார்த்தவள் நான். ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் தண்டனை ஏன் மாறுகிறது என்று எனக்குப் புரிந்த அளவு அன்றைக்குப் புரிந்ததுதான். ஒவ்வொரு நாடும் தனக்கு எது இல்லையோ, எதைக் கண்டு பயமோ, அதை வைத்துத்தான் தண்டனை வருஷத்தை அளக்கிறது. அங்கே அப்போது வெளிநாட்டுத் துணிக்குத் தடை, எல்லாவற்றுக்கும் பஞ்சம் என்று வக்கீலும் பிறகு சொன்னார்.

ஆனால் அண்ணி, புரிந்ததால் நிம்மதியா வந்தது? பயம்தான் கூடியது. "அவங்களுக்கு எவ்ளோ பஞ்சம்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அந்த நாட்டு வானொலியே கதி. முன்பெல்லாம் அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் நெய்வீர்கள். அதன்பிறகு பாட்டு வந்தால் நிறுத்துவீர்கள், செய்தி நேரத்துக்கு மறுபடி வைப்பீர்கள். அங்கே ரேஷன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒருநாள் செய்தியில் சொன்னார்கள். ஊடை ஓட்டும் நாடா உங்கள் கையிலிருந்து கீழே விழுந்தது. "இன்னும் கூடப் போட்டுடுவாங்கமா" என்றீர்கள். ஏதோ ஒரு ஊரில் யாரோ அரைவயிறு சாப்பிட்டால் காஞ்சிபுரத்தில் உங்கள் தறி நின்றது. அதிகம் பேசாதீர்கள் என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். எனக்கும் ராத்திரியில் தூக்கம் கிடையாது, உங்களிடம் சொல்லவில்லை.

தந்தி வந்தது. ஒரு வருஷம். மூன்று சேலைக்கு ஒரு வருஷமா என்று வக்கீலே வாய் பிளந்தார். நீங்கள் மாசங்களை விரல்விட்டு எண்ணினீர்கள். "நடக்கறதுக்குள்ள வந்துடுவாரு" என்றீர்கள். அதன் பிறகுதான் அழுதீர்கள்.

அப்படியே வந்தார், பாதி ஆளாக. பிள்ளை அவரிடம் போகாமல் தவழ்ந்துபோய் உங்கள் முந்தானைக்குள் ஒளிந்தது. வந்தபின் அவர் நெய்து இறக்கிய முதல் பாவு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். நீங்கள் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கத்தியை எடுத்து அறுத்தீர்கள். சேலை கோணாமல் வந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எந்தக் கிழமையும் பார்த்ததில்லை.

உங்கள் மகள் மத்தியானமே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். வாசல்வரை போய்ப் பெட்டியை இன்னொரு தடவை திறக்கச் சொன்னேன். "எவ்ளோதான் போடுவாங்க அத்தை, ஒரு கவர் கசகசாவுக்கு?" என்று அலுத்துக்கொண்டாள். தெரியாது என்றேன். அவர்களுக்கு அதைக் கண்டு எவ்வளவு பயமோ, அவ்வளவு.

பொட்டலம் என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போய்ச் சேர்ந்தேன் என்று அவள் இன்னும் போன் செய்யவில்லை. டி.வி.யில் அந்த நாட்டுச் செய்தியைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். பாட்டு வந்தால் மாற்றிவிடுகிறேன், அண்ணி.