தட்டாத ஷூ

14 ஜூலை 1953, செவ்வாய்

நான் கிளம்பும்போதும் டாமிக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஊசி போட்ட டாக்டர், இன்று ராத்திரி கண் அசராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். நாலு வயதுப் பிள்ளை. கொட்டியது செந்தேள்.

அந்த வெள்ளைக்காரக் குடும்பம் பிரேசர் டவுன் பங்களாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து தினமும் காலையில் டாமியின் ஷூவைத் தரையில் தட்டி, கவிழ்த்து உதறிய பிறகுதான் அவன் காலில் மாட்டுவேன். நேற்று டாமியின் அம்மா அவருக்குத் தெரிந்த தமிழில் எரிந்து விழுந்தார். "ஆயா, தினம் டக் டக் வேண்டாம். தொரை தூங்குது."

எதற்காகத் தட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சமையல்காரர் எதிரில் சொன்னாரே என்று எனக்கு வீம்பு. சத்தம்தானே வேண்டாம், இருக்கட்டும் என்று இன்று தட்டாமலே மாட்டிவிட்டேன். பிள்ளை வீறிட்டது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் அம்மா வீங்கிய கண்ணோடு வந்து கேட்டார். "ஷூ உள்ளே தேள் வரும். உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா," என்றேன். நாக்கு கூசவில்லை.

அவர் என் தோளைத் தொட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். பின்வாசலுக்கு வந்து என் செருப்பை எடுத்தேன். கை தன்பாட்டுக்கு அதைப் படியில் இரண்டு தட்டுத் தட்டி உதறியது. நிமிர்ந்து பார்த்தால், கதவோரம் அம்மா நின்றுகொண்டிருந்தார்.